தடுப்பூசியின் காப்பு பிள்ளைக்கு வருமா?

கேள்வி: என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையை எடுத்து வரும்படி கிராம சுகாதார செவிலியர் நினைவூட்டிச் சென்றிருக்கிறார். சம்பந்தி அம்மாளோ, "என் மாமியாருக்கு அம்மை குத்தினார்கள், எனக்கும் குத்தினார்கள், என் மகனுக்கும் மருமகளுக்கும் எல்லா ஊசியும் போட்டாயிற்று. மூன்று தலைமுறையாக ஊறிய எதிர்ப்புச் சக்தி பேத்தியின் ரத்தத்தில் இல்லாமலா போகும்? நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்கிறார். இதில் உண்மை ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் சம்பந்தி அம்மாள் கேட்பது அசட்டுக் கேள்வி அல்ல. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய அறிவியலாளர் ஒருவர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு எலிகளிடம் விடை தேடியிருக்கிறார். அவர் கண்ட விடை இன்றும் செல்லும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு குழந்தைக்கு வந்து சேர்கிறது. ஆனால் அது மரபுவழியாக வருவதில்லை, சில மாதங்களுக்கு மேல் தங்குவதுமில்லை. தந்தையிடமிருந்து எதுவும் வருவதில்லை. பாட்டிக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் குத்திய ஊசிகள் அவரவர் உடலோடு நின்றுவிட்டன. ஆகவே ஆறாவது வார ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த அறிவியலாளர் பால் எர்லிக். 1892-இல் பெர்லினில் அவர் கையாண்ட பொருட்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஒன்று ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கப்படும் ரிசின் என்ற நஞ்சு. மற்றொன்று குன்றிமணியிலிருந்து எடுக்கப்படும் ஆப்ரின். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்கப் பயன்படுத்திய அதே குன்றிமணிதான். எர்லிக் இந்த நஞ்சுகளை மிகச் சிறிய அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, சாதாரண எலியைக் கொன்றுவிடும் அளவையும் தாங்கக்கூடிய எலிகளை உருவாக்கினார். பிறகு அவற்றை இனப்பெருக்கம் செய்யவைத்துக் குட்டிகளைச் சோதித்தார். தந்தை எலி மட்டும் எதிர்ப்புப் பெற்றிருந்தபோது குட்டிகளுக்கு எந்தக் காப்பும் இல்லை. தாய் எலி பெற்றிருந்தபோது குட்டிகள் சில வாரங்களுக்கு நஞ்சைத் தாங்கின, பின்னர் அந்த வல்லமை அவற்றிடமிருந்து நீங்கிவிட்டது. பேரக்குட்டிகளிடம் அது அறவே காணப்படவில்லை. எர்லிக் இதோடு நிற்காமல், எதிர்ப்பில்லாத தாய் ஈன்ற குட்டிகளை எதிர்ப்புள்ள தாயிடம் பாலுண்ண விட்டுப் பார்த்தார். அந்த வளர்ப்புக் குட்டிகளும் காப்புப் பெற்றன. மரபுவழிச் சொத்தாக இருந்தால் அதில் தந்தைக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும், பேரக்குட்டிவரை அது இறங்கியிருக்க வேண்டும், பெறாத தாயின் பாலில் கிடைத்திருக்கக் கூடாது. மூன்றும் பொய்த்துப்போனதால், தாய் தன் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்ற முடிவுக்கு எர்லிக் வந்தார். எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுகளுக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அந்தப் பொருள் எது என்பது இப்போது நன்றாகத் தெரியும். தடுப்பூசி நம் உடலில் இரண்டு விளைவுகளை உண்டாக்குகிறது. கிருமியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பான்கள் என்னும் புரதங்களைச் சுரக்கவைப்பது ஒன்று. மருத்துவர்கள் ஆன்டிபாடி என்று சொல்வது இவற்றைத்தான். அதே கிருமி மீண்டும் வந்தால் அடையாளம் கண்டு, அதே புரதத்தை விரைந்து செய்யத் தெரிந்த நினைவுச் செல்களை உடலில் நிலைநிறுத்துவது மற்றொன்று. நச்சுக்கொடி இவற்றில் எதிர்ப்பான்களை மட்டுமே குழந்தைக்குக் கடத்துகிறது. சமைத்த சோறு வந்து சேர்கிறதே தவிர, சமைக்கத் தெரிந்த கை வருவதில்லை. நான்காம் மாத வாக்கில் மெல்லத் தொடங்கும் இந்தக் கடத்தல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் வேகம் கொள்கிறது; நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த எதிர்ப்பான்கள் தாயிடம் இருப்பதைவிடவும் சற்றுக் கூடுதலாகவே இருப்பதுண்டு. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை இந்தச் சீதனத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறது.

முழுச் சீதனத்தோடு பிறந்தாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். புரதமாகையால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது ஏறத்தாழப் பாதியாகிறது. நான்கு வாரம் என்றே தாராளமாகக் கணக்கிட்டாலும், பிறந்த 24 வாரங்களில் ஆறு முறை பாதியாகி, 64-இல் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும். புதிதாகச் செய்துகொள்ளக் குழந்தைக்கு இன்னும் தெரியாது. அதைக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வார ஊசிகள். தாயிடம் இருப்பதைத்தான் தாய் தர முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு வயதில் போட்ட கக்குவான் இருமல் ஊசியின் எதிர்ப்பான்கள் இருபத்தைந்து வயதில் பெரும்பாலும் தேய்ந்துபோயிருக்கும். அவ்வகையில் உங்கள் பேத்திக்குக் கிடைத்த பங்கு மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும்.

இவையெல்லாம் மரபணுவில் ஏன் பதிவாவதில்லை என்று கேட்கலாம். பல தலைமுறைகளாகக் காது குத்திக்கொள்கிறோம். எந்தக் குழந்தையும் துளையோடு பிறப்பதில்லை. சம்பந்தி அம்மாளின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கும். அது அவருடைய மகனின் கையில் இல்லை. உடலுக்கு நேர்வது வேறு, அடுத்த தலைமுறைக்கான வித்துக்கு நேர்வது வேறு. எதிர்ப்பான்களைச் சுரக்கும் செல்கள் தம் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுப்புதுச் சேர்க்கைகளை உருவாக்கிக்கொள்கின்றன என்பது உண்மைதான். சுசுமு டோனகாவா 1976-இல் நிறுவி, 1987-இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்த வெட்டலும் ஒட்டலும் அந்த ரத்த அணுக்களுக்குள்ளேயே நடந்து முடிகின்றன. கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ செய்தி போவதில்லை. பெண்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லலாம். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உங்கள் பேத்தியாக வளர்ந்த அந்த முட்டை, உங்கள் மகளுக்கு முதல் ஊசி போடப்படுவதற்கு முன்பே உருவானது.

மனிதர்களிடம் கிடைத்த சான்றும் உண்டு. வட அட்லாண்டிக்கில் உள்ள பாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அதன் பிறகு 65 ஆண்டுகள் அங்கே அந்த நோய் தலைகாட்டவே இல்லை. 1846-இல் அது மீண்டும் வந்தபோது, ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த அந்தத் தீவுகளில் சில மாதங்களுக்குள் சுமார் 6,000 பேர் படுக்கையில் விழுந்தனர். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடுவீடாகச் சென்று விசாரித்து எழுதிவைத்தார். 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை; அப்போது தப்பித்திருந்த முதியவர்களுக்கு இப்போது வந்தது. எதிர்ப்பு பெற்றிருந்த அந்தத் தாத்தா பாட்டிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 1846-இல் நோயாளிகளாகக் கிடந்தவர்கள். நோயே தந்த உறுதியான எதிர்ப்புகூட ஒரு தலைமுறை தாண்டவில்லை என்றால், ஊசி தரும் எதிர்ப்பு எப்படித் தாண்டும்?

சம்பந்தி அம்மாள் எடுத்துக்காட்டாகச் சொன்ன அம்மை குத்தலே, அதாவது பெரியம்மைத் தடுப்பூசியே, அவருக்கு எதிரான சாட்சி என்பதுதான் வேடிக்கை. எட்வர்டு ஜென்னர் 1796-இல் கண்டறிந்த அந்த முறை 1802-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. மரபுவழிக் காப்பு என்று ஒன்று இருந்திருந்தால் ஐந்தாறு தலைமுறைகளில் நோய் தானாகவே அடங்கியிருக்க வேண்டும். மாறாக, ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகக் குத்திக்கொண்டே வந்து 1975-இல்தான் இந்தியாவில் பெரியம்மையை முடிக்க முடிந்தது. உலகெங்கும் ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டு, அம்மை குத்துவது கைவிடப்பட்டது. அதற்குப் பின் நேர்ந்ததைக் கவனியுங்கள். காங்கோவில் குரங்கம்மை பல மடங்கு பெருகியது. பெரியம்மைத் தடுப்பூசி அதன் உறவுக்கார நோயான குரங்கம்மையையும் தடுத்துவந்தது என்பதும், ஊசி பெற்ற பெற்றோருக்குப் பிறந்த, ஊசி பெறாத பிள்ளைகளிடம் அந்தக் காப்பு இல்லை என்பதும் அப்போது வெளிப்பட்டன.

கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது எனக்குக் கையில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட்டார்கள். அவை எனக்காகவா, குழந்தைக்காகவா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இருவருக்கும்தான், ஆனால் முதன்மையாகக் குழந்தைக்காக. முன்பு டிடி (TT) என்றும், இப்போது தொண்டை அடைப்பான் மருந்தும் சேர்ந்து அதற்குப் பதிலாக வந்துள்ள டீடி (Td) என்றும் சொல்லப்படும் ரணஜன்னித் தடுப்பூசி அது. பெயர்க்குழப்பம் செவிலியர்களுக்கே சிரிப்பூட்டுவது. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய கர்ப்பத்தில் முறையாக ஊசி பெற்று மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றவர்களுக்கு ஒரே ஓர் ஊசி போதும்.

மேலே சொன்ன குறுகிய காலச் சீதனத்தைத் திட்டமிட்டுப் பெருக்கிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சுத்தமில்லாத கத்தியாலோ பிளேடாலோ தொப்புள்கொடி அறுக்கப்படும்போது நுழையும் இந்தக் கிருமி, பிறந்த சில நாட்களிலேயே குழந்தையைக் கொன்றுவிடும். குழந்தைக்கு நேரடியாக ஊசி போட்டு அது வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. தாயின் எதிர்ப்பான்கள் முன்கூட்டியே குழந்தையின் ரத்தத்தில் இருந்தாக வேண்டும். இந்த நோய்க்கு ஒரு விசித்திரமும் உண்டு: ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட அந்த நோயால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. எனவே ஒரு குழந்தை இந்த நோய்க்கு எதிரான எதிர்ப்பான்களோடு பிறக்கிறது என்றால், அது முழுக்க முழுக்கத் தாய்க்குப் போட்ட ஊசியால் வந்தது. கர்ப்பிணிகளுக்கான ஊசியும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்து, 2015-இல் இந்தியா தாய்-சேய் ரணஜன்னியை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றுத்தந்தன. ஒழித்தல் என்றால் இங்கே ஒவ்வொரு மாவட்டத்திலும் 1,000 பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் கீழே குறைத்தல் என்று பொருள். மண்ணில் வாழும் கிருமியாகையால் அதை அடியோடு இல்லாமல் செய்ய முடியாது; ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

பிரிட்டனில் 2012-இல் கக்குவான் இருமல் பரவி, ஊசி போடும் வயதை எட்டாத பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது, அவ்வாண்டு அக்டோபரிலிருந்து கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். ஊசி பெற்ற தாய்மாருக்குப் பிறந்த, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில், வரவேண்டிய நோயில் பத்தில் ஒன்பது பங்கு இதனால் தடுக்கப்பட்டது. ஒரு கர்ப்பத்தில் போட்டது அடுத்த கர்ப்பத்துக்கு உதவாது என்பதால் ஒவ்வொரு முறையும் போட வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் தனியார் மருத்துவமனைகளிலும் பல மகப்பேறு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ரூபெல்லா ஊசியின் வழி வேறு. அதில் உயிருள்ள, வீரியம் குறைந்த வைரஸ் இருப்பதால் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தாய்க்கு அந்த நோய் வராவிட்டால் கருவுக்கும் அது போய்ச் சேராது. கண்ணும் காதும் இதயமும் பழுதாகிப் பிறக்கும் கொடுமை தவிர்க்கப்படும். இங்கே தாய் பிள்ளைக்கு எதையும் கொடுப்பதைவிட, வாசலிலேயே நின்று தடுக்கிறாள் என்பதே பொருத்தம்.

கேள்வி: மற்ற ஊசிகளையெல்லாம் பிறந்தது முதலே போடுகிறவர்கள், தட்டம்மை ஊசியை மட்டும் ஒன்பது மாதம்வரை ஏன் தாமதிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தாய் கொடுத்த எதிர்ப்பான்களே காரணம். தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். அது குழந்தையின் உடலில் சிறிது பெருகினால்தான் நினைவுச் செல்கள் உருவாகும். தாயின் எதிர்ப்பான்கள் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும்போது ஊசி போட்டால், அவை அதையும் உண்மையான கிருமி என்றே எண்ணி அழித்துவிடுகின்றன. குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாமலே போகிறது. தாய் கொடுத்த காப்பே பிள்ளை சொந்தமாகக் காப்புத் தேடிக்கொள்ளத் தடையாக நிற்கும் விந்தை இது. மிகவும் தாமதித்தாலோ, தாயின் காப்பு தீர்ந்தபின் ஊசிக்குமுன் உள்ள இடைவெளியில் நோய் புகுந்துவிடும்.

ஒன்பது மாதத்தில் போட்டால் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கும், பன்னிரண்டு மாதத்தில் போட்டால் சுமார் 95 பேருக்கும் எதிர்ப்பு உண்டாகும். நோய் அரிதாக உள்ள பல நாடுகள் பன்னிரண்டு மாதம்வரை காத்திருக்கின்றன. நம்மைப் போலச் சிறு குழந்தைகளுக்கே தட்டம்மை தொற்றும் ஆபத்து மிகுந்த நாடுகள் பத்துப் பேரை விட்டுக்கொடுத்து முந்திக்கொள்கின்றன. விடுபட்டவர்களுக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணை. அதை வெறும் 'பூஸ்டர்' என்று நினைத்துத் தவறவிடுகிறவர்கள் பலர். உண்மையில் அந்த 15 குழந்தைகளுக்கு அதுதான் முதல் ஊசி.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. தட்டம்மை நோய் கண்டு தேறிய தாயின் ரத்தத்தில் எதிர்ப்பான்கள் மிகுதியாக இருக்கும். ஊசி மட்டும் பெற்ற தாயிடம் அதைவிடக் குறைவு. எனவே ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகள் இன்னும் விரைவாகவே காப்பை இழக்கிறார்கள். ஊசியின் குறையாக இதைச் சொல்வோர் உண்டு. பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதக் காப்பைக் கூட்டித் தருவதற்காகத் தாய் தட்டம்மையால் அவதிப்பட்டிருக்க வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நோய் பரவும் காலங்களில் ஆறாம் மாதத்திலேயே கூடுதலாக ஒரு தவணை போடும் வழக்கம் இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே.

கேள்வி: கன்று ஈன்றவுடன் சீம்பால் குடிக்காவிட்டால் தங்காது என்பது எங்கள் அனுபவம். மனிதக் குழந்தைக்கும் சீம்பால் ஊசிக்கு ஈடாகுமா?
– ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் அனுபவம் முற்றிலும் சரி. பசுவின் நச்சுக்கொடி எதிர்ப்பான்களைக் கடத்துவதில்லை. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் நிறைந்திருக்கும் எதிர்ப்பான்களைக் கன்றின் குடல் முதல் ஒரு நாள்வரை அப்படியே ரத்தத்துக்குள் விடும், பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். மனிதரில் கணக்கு மாறுகிறது. ரத்தத்துக்குரிய பங்கு தாயின் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. தாய்ப்பாலில் வருவது ஐஜிஏ என்ற வேறு வகை. அது பெரும்பாலும் ரத்தத்தில் கலப்பதில்லை. தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சுவரில் படிந்து நின்று வயிற்றுப்போக்கு, சுவாசத் தொற்று ஆகியவற்றைக் குறைக்கிறது. பாலூட்டும்வரை மட்டுமே நீடிக்கும் இந்தக் காப்பு எந்த ஊசிக்கும் ஈடாகாது. சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனா ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் மரபணு மாறிவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மாறாது. கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். கோவிஷீல்டில் உள்ள மரபணுச் செய்தி சில காலம் வாசிக்கப்பட்டு அழிந்துவிடுகிறது, நம் மரபணுவோடு இணைவதில்லை. ஊசியின் நன்மையே வித்துச் செல்களுக்குப் போய்ச் சேராதபோது, தீமை மட்டும் போய்ச் சேரும் என்பதற்கு அடிப்படை இல்லை.

கேள்வி: அப்படியானால் நோய் எதிர்ப்பு மரபுவழியாக வருவதே இல்லையா? பெற்ற எதிர்ப்பைச் சந்ததிக்குக் கொடுக்கும் உயிர் எதுவுமே கிடையாதா?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே வரும் எதிர்ப்பு உண்டு. 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் இந்தியாவில் முதன்முதலாக அரிவாள் செல் மரபணு கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல காப்பு கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு வாழ்நாள் முழுதும் துன்புறுத்தும் ரத்தநோய் வருகிறது. ஆனால் இது எவரும் மலேரியாவோடு போராடிச் சம்பாதித்துச் சந்ததிக்கு எழுதிவைத்த சொத்து அல்ல. தற்செயலாக அந்த மரபணு வாய்த்தவர்கள் மலேரியாக் காட்டில் அதிகம் பிழைத்தார்கள், அதிகம் பிள்ளை பெற்றார்கள். பல நூறு தலைமுறைகளில் அது பெருகியது.

சம்பாதித்த எதிர்ப்பைக் கடத்துவது குறித்து அண்மையில் எலிகளில் சில ஆய்வுகள் நடந்தன. பூஞ்சைத் தொற்றுக்கு ஆளான ஆண் எலிகளின் குட்டிகள் சில தொற்றுகளைக் கூடுதலாகத் தாங்கின என்று 2021-இல் ஒரு குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே மற்றொரு குழு, தாங்கள் செய்துபார்த்ததில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று எழுதியது. இதை வைத்துக்கொண்டு ஊசி அட்டவணையில் ஒரு நாளைக்கூட மாற்ற முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை பாக்டீரியாவிடம் இருக்கிறது. யோகர்ட்டும் பாலாடைக்கட்டியும் செய்யப் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவை வைரஸ்கள் தாக்கித் தொழிற்சாலைகளில் பால் உறையாமல் கெட்டுப்போவதுண்டு. தாக்குதலில் பிழைக்கும் பாக்டீரியா, அந்த வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தன் மரபணுவிலேயே செருகி வைத்துக்கொள்கிறது என்பதும், அதனால் அதே வைரஸ் மறுபடி வந்தால் தப்பிவிடுகிறது என்பதும் 2007-இல் நிறுவப்பட்டன. கிறிஸ்பர் என்று இன்று எங்கும் பேசப்படும் ஏற்பாடு இதுதான். அந்த ஒற்றைச் செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டு செல்களுக்கும் அந்தத் துண்டு போய்விடுகிறது. அதற்கு உடல் என்றும் வித்து என்றும் தனித்தனியே இல்லை. நோயைச் சந்தித்த செல்லே அடுத்த தலைமுறையாகவும் ஆகிவிடுகிறது.